அகத்திய மீனும் திசை தேடிய கலங்களும்

கண்டி மாநகரிலிருந்து வத்தேகமைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் மடவளை. பெப்ரவரி மாதத்தின் முற்பாதியில், வானம் தெளிந்த ஓர் இரவில், இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்புவோர் ஒன்பது மணியளவில் சற்றே நின்று தெற்கு நோக்குவாராயின், குன்றுகளின் தலைக்கு மேலே வெண்ணிறமாய் ஒரு பெருமீன் ஒளிர்வதைக் காண்பர். அடிவானத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 30 பாகை. அதாவது, அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் மேலே உச்சியை அடுத்துச் சுடர்வது சிரியஸ் என்னும் மீன். இரவு வானத்தில் ஒளியால் முதலிடம் சிரியஸுக்கு; இரண்டாம் இடம் இத்தென்மீனுக்கு.

இம்மீனுக்கு அகத்தியன் என்று பெயரிட்டனர் முன்னோர். பொதிய மலை முனிவனின் பெயராலேயே இதனைச் சுட்டுகிறது பரிபாடல். வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் அகத்தியனின் உதயத்தைப் பற்றித் தனி அத்தியாயமே வகுத்தார். அரபு மக்கள் இதனைச் சுஹைல் என்றனர். கஃபாவின் நீண்ட அச்சு சுஹைல் உதிக்கும் திசையை நோக்கியது என்று இடைக்கால அரபு நூல்கள் கூறும். தமிழைத் தாய்மொழியாகவும் அரபை வேதமொழியாகவும் கொண்ட மடவளை மக்களுக்கு இவ்விரு பெயர்களும் அயலானவை அல்ல. மேனாட்டார் இட்ட பெயர் கனோபஸ்.

வடநாட்டார்க்கு இம்மீன் எளிதில் கிட்டுவதில்லை. சென்னையில் அதன் உச்ச உயரம் 24 பாகை. டில்லியில் 9 பாகைக்கும் குறைவு. உரோமாபுரியிலோ இலண்டனிலோ அது எக்காலத்தும் உதிப்பதே இல்லை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொசிடோனியஸ் என்னும் கிரேக்க அறிஞர், உரோதுத் தீவில் அடிவானத்தைத் தொட்டு மறையும் இதே மீன் அலெக்சாந்திரியாவில் சில பாகை உயர்ந்து நிற்பதை ஆதாரமாகக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தார். ஒரு மீனின் உயரம் மாறுகிறது என்றால் பார்ப்பவன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது என்பது பொருள். கடலோடியின் கலை முழுவதும் இவ்வொரு செய்தியிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இலங்கையும் இம்மீனும் மேனாட்டு ஏடுகளில் ஒருங்கே இடம்பெற்ற வரலாறு சுவை மிக்கது. கிளாடியஸ் பேரரசன் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், அன்னியஸ் பிளோக்காமஸ் என்பவரின் பணியாள் ஒருவன் அரேபியக் கரையோரம் கப்பலில் செல்லுகையில் பெருங்காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரொபேன் தீவில் ஒதுங்கினான். தப்ரொபேன் என்பது இலங்கைக்குக் கிரேக்கரும் உரோமரும் வழங்கிய பெயர். அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். பின்னர் நால்வரைத் தூதராக உரோமாபுரிக்கு அனுப்பினான். இதனை எழுதி வைத்தவர் பிளினி. கனோபஸ் என்னும் பெரிய ஒளி மிக்க மீன் தம் நாட்டு இரவுகளில் சுடர்வதாக அத்தூதர் கூறினராம். உரோமாபுரியின் வானத்தில் சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகைக் கூட்டத்தையும் கண்டு, புதியதொரு வானத்தைக் கண்டாற்போல் வியந்தனராம்.

இதன் பிற்பகுதியை அப்படியே ஏற்பதற்கில்லை. கார்த்திகைக் கூட்டம் இலங்கையில் உச்சிக்கு அருகே நின்று ஒளிர்வது. மாதமொன்றுக்கே அதன் பெயரை இட்டு வழங்கும் மக்கள் அதனை உரோமாபுரியில்தான் முதன்முதலாகக் கண்டனர் என்பது எங்ஙனம் பொருந்தும்? தூதர் சொன்னது ஒன்று, மொழிபெயர்த்தவன் உரைத்தது மற்றொன்று, பிளினி எழுதியது வேறொன்று என்றே கொள்ள வேண்டும். கனோபஸைப் பற்றிய செய்தி மட்டும் ஐயத்துக்கு இடமின்றி மெய்.

அதே பிளினி இலங்கைக் கடலோடிகளைப் பற்றி வேறொன்றும் கூறுகிறார். அவர்கள் மீன்களைப் பார்த்துக் கலம் செலுத்துவதில்லையாம்; சப்தரிஷி மண்டலம் அங்கே தென்படாதாம்; ஆதலின் பறவைகளை உடன்கொண்டு சென்று அடிக்கடி பறக்கவிட்டு, அவை கரை நாடிச் செல்லும் திசையிலே கலத்தைச் செலுத்துவராம். பறவைச் செய்தி கட்டுக்கதை அன்று. பாளி மொழியிலுள்ள தீக நிகாயத்திலும் கடல் வணிகர் கரை காணும் பறவையை உடன் கொண்டு செல்லும் வழக்கம் உவமையாகக் கூறப்பட்டுள்ளது. சப்தரிஷி மண்டலமோ இலங்கையில் ஆண்டுதோறும் சில மாதங்கள் நன்றாகவே தெரிவது. ஆயினும் பிளினியின் கூற்றில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. வடதுருவப் புள்ளி இலங்கையில் மிகத் தாழ்ந்தே நிற்கிறது. இன்று துருவமீன் மடவளையில் 7 பாகை உயரமே உடையது. குன்றுகளின் பின்னே அது மறைந்துவிடும். வடநாட்டுக் கடலோடியின் ஊன்றுகோல் தென்கடலில் வலுவிழக்கிறது.

அவ்வலுவின்மைக்குத் தமிழ்க் கடலோடிகளும் அரபுக் கடலோடிகளும் கண்ட பரிகாரம் ஒரு சிறு மரப்பலகை. தமிழில் இதனை இராப்பலகை என்பர். அரபில் கமால் எனப்படும். பலகையின் நடுவே ஒரு கயிறு; கயிற்றில் முடிச்சுகள். மாலுமி ஒரு முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும் வரை பலகையை முன்னே நீட்டுவான். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு மீனையும் ஒருங்கே தொட்டால், அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையைக் கலம் அடைந்துவிட்டது என்பது கணக்கு. துருவமீனின் உயரம் நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 11 பாகை, திருகோணமலையில் எட்டரை, காலியில் 6. பின்னர் அந்த உயரம் மாறாதபடி கிழக்காகவோ மேற்காகவோ ஓடினால் துறை தானே எதிர்ப்படும். சோழமண்டலக் கரையோரத்து மாலுமிகள் இத்தகைய கருவியைக் கையாண்டதைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850இல் சென்னையில் வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில் விரித்துரைத்தார். எழுத்தறியா மாலுமியும் கையாளத் தக்க கருவி அது. அவனது கல்வி முழுவதும் அந்த முடிச்சுகளிலே இருந்தது.

அரபுக் கடலோடிகள் மீனின் உயரத்தை விரலால் அளந்தனர். வானவட்டம் முழுவதும் 224 விரல். ஒரு விரல் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி. அக்கணக்கில் மடவளையில் அகத்தியனின் உச்ச உயரம் ஏறத்தாழ 19 விரல். அவர்களது 32 திசைகள் கொண்ட வட்டத்தில் சுஹைலின் உதயமும் மறைவும் இரு திசைகளுக்குப் பெயராயின. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித் இக்கலையை விரிவான நூலாக வரைந்தார். அதே நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. அவர் கொணர்ந்து காலியில் நிறுத்திய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கடற்பயணங்களுக்குரியனவாகப் பின்னாளில் ஒரு சீன நூலில் சேர்க்கப்பட்ட நான்கு விண்மீன் வரைபடங்களுள் ஒன்று இலங்கைக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட வழியைக் காட்டுவது. அங்கும் உயரம் விரலாலேயே குறிக்கப்பட்டுள்ளது!

மலைநாட்டு மடவளைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று வினவலாம். கண்டி இராச்சியத்தில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். கரையோரத் துறைகளிலிருந்து உப்பும் கருவாடும் மலையேறின, பாக்கு கீழிறங்கிற்று. அத்துறைகளில் வந்திறங்கிய கலங்களோ மீன் பார்த்து வந்தவை. மலைப்பாதையில் பொதிமாடு ஓட்டுபவன் வழி தவறினால் அடுத்த ஊரில் கேட்கலாம். நடுக்கடலில் கேட்பதற்கு ஒருவருமில்லை. இவ்வேறுபாடே விண்வெளிப் பயணத்திலும் தலையாய சிக்கலாக வந்து நின்றது.

பூமியை விட்டு அகன்ற ஒரு கலத்துக்கு மேல், கீழ், வலம், இடம் என்பன இல்லை. அது தன் அலைவாங்கியைப் பூமியை நோக்கித் திருப்பினாலன்றிச் செய்தி அனுப்ப இயலாது. எந்தத் திசையில் நிற்கிறது என்று அறியாமல் எந்திரத்தை முடுக்கினால் அழிவே முடிவு. சூரியனை நோக்கி நிற்பது எளிது. ஆயினும், சூரியனுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டே ஒருவன் தலையை இடப்புறமோ வலப்புறமோ சாய்க்க முடியுமன்றோ? அச்சாய்வை அறிய, சூரியனிலிருந்து வெகுதூரம் விலகிய இன்னோர் ஒளி தேவை. கிரகங்களும் சூரியனும் செல்லும் வானப்பாதைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக, தென்புறத்தில், மிகுந்த ஒளியுடன் நிற்கும் மீன் எது? அகத்தியன்தான். உரோமாபுரியில் காணக்கிடைக்காத மீன், கிரகப் பயணத்தின் கைகாட்டியாயிற்று.

அகத்தியனை முதன்முதலில் நாடிய கலம் 1964 நவம்பர் 28ஆம் நாள் செவ்வாயை நோக்கி அமெரிக்கா ஏவிய மரீனர் 4. அந்த யந்திரம் மீனை இனங்கண்டது ஒளியின் அளவைக் கொண்டு மட்டுமே. ஆதலின் முதலில் வேறொரு மீனைப் பற்றிக்கொண்டது. அது அன்று என அறிந்து தேட, மற்றொன்றைப் பற்றியது. இவ்வாறு நான்கு மீன்களிடம் ஏமாந்த பின்னரே அகத்தியனை அடைந்தது. அப்போதும் நிம்மதி இல்லை. கலத்திலிருந்தே உதிர்ந்த தூசித் துகள்கள் வெயிலில் மின்னி, மீனைப் போலவே காட்சியளித்து, உணரியை மயக்கின. டிசெம்பர் 17ஆம் நாள் பூமியிலிருந்து ஓர் ஆணை அனுப்பி, இடையில் தோன்றும் பேரொளிக்கு மிரளாமல் இருக்குமாறு அதனைத் திருத்தினர். 1965 ஜூலையில் அது செவ்வாயை அணுகி, அக்கிரகத்தின் முதல் அண்மைப் படங்களை அனுப்பிற்று. 1977இல் புறப்பட்ட இரு வொயேஜர் கலங்களிலும் அகத்தியனைத் தேடும் உணரி பொருத்தப்பட்டிருந்தது.

மனிதர் ஏறிச் சென்ற அப்பலோ கலங்களில் 37 விண்மீன்களின் பட்டியல் இருந்தது. அல்டெபரான், ரைஜல், டெனப், போமல்ஹாட் என அவற்றுட் பல அரபுப் பெயர்களே. 1968 டிசெம்பரில் சந்திரனைச் சுற்றித் திரும்புகையில், அப்பலோ 8இன் வீரர் ஜேம்ஸ் லவல் தவறான கட்டளை ஒன்றை அழுத்தினார். கலம் இன்னும் ஏவுதளத்திலேயே நிற்பதாகக் கணினி எண்ணிக்கொண்டது. லவல் ரைஜலையும் சிரியஸையும் கருவியின் வழியே பார்த்துத் திசையை மீண்டும் கணினிக்கு உணர்த்தினார்.

மனிதர் இல்லாத கலம் தன் வழியைத் தானே கணிப்பது இதற்கு அடுத்த படி. திசை அறிவது ஒன்று. இருக்கும் இடம் அறிவது வேறொன்று. ஓடும் பேருந்தின் சாளரத்தில் அமர்ந்திருப்பவனுக்கு அருகிலுள்ள மரம் தொலைவிலுள்ள மலையின் மீது இடம் பெயர்வதாகத் தோன்றும். அப்பெயர்ச்சியைக் கொண்டே பேருந்து எங்கே சென்றுகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். 1998 அக்டோபரில் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 என்னும் கலம் இதையே செய்தது. சிறுகோள்கள் அதற்கு மரங்கள், விண்மீன்கள் மலை. படமெடுத்து, அளந்து, தன் இடத்தையும் போக்கையும் தானே கணித்தது. ஆயின் 1999 நவம்பரில் அதன் விண்மீன் உணரி பழுதுற்றது. திசை அறியாத கலத்துக்குக் கணிதம் எதற்கு? பல மாதம் உழைத்த பொறியியலார், ஆராய்ச்சிக்கென வைத்த நிழற்படக் கருவியையே விண்மீன் உணரியாகப் பணியாற்றுமாறு புதிய கட்டளைத் தொகுதியை வகுத்து, கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்பினர். 2001 செப்டெம்பர் 22ஆம் நாள் அக்கலம் பொரெலி என்னும் வால்மீனை ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து படமெடுத்தது.

இத்தகைய சோதனை இந்தியாவின் முதற் சந்திரக் கலத்துக்கும் நேர்ந்தது. 2008 அக்டோபர் 22ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து சந்திரயான் 1 ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் கொங்கு நாட்டுச் சிற்றூரில் தமிழ்வழிக் கல்வி கற்ற மயில்சாமி அண்ணாதுரை. கலம் சந்திரனை 100 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றி வந்தது. அந்த உயரத்தில் ஒருபுறம் சூரிய வெப்பம், மறுபுறம் பகலில் கொதிக்கும் சந்திரத் தரையின் வெப்பம். 2009ஆம் ஆண்டில் விண்மீன் உணரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுற்றன. இரண்டாவதன் பழுது மே 16ஆம் நாள் தெரியவந்தது. கலத்துக்கு வானம் இருண்டுவிட்டது.

அந்நிலையில் அறிவியலார் செய்ததைப் பழைய மாலுமி கண்டிருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பான். துருவமீன் மறைந்தால் வேறு மீனைத் தேடுவது அவன் வழக்கமன்றோ? மீன்கள் இல்லை, ஆயின் சூரியன் இருக்கிறது, பூமியும் இருக்கிறது. சூரிய உணரி தரும் திசை ஒன்று. பூமியிலுள்ள நிலையத்தை நோக்கிய திசை மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்து, சுழல்காட்டிக் கருவிகளில் சிறிது சிறிதாகச் சேரும் பிழையை அவ்வப்போது திருத்தினர். மே 19ஆம் நாள் சுற்றுப்பாதை 200 கிலோமீற்றருக்கு உயர்த்தப்பட்டது. ஜூலை நடுவில்தான் பழுதுபற்றிய செய்தி பொதுமக்களை எட்டிற்று. மறைத்து வைத்தது முறையா என்ற கண்டனமும் எழுந்தது. கண்டனத்தில் நியாயம் இருந்தது; அச்செய்தி வெட்கத்துக்கு உரியதன்று, பெருமைக்கே உரியது. ஆகஸ்ட் 29ஆம் நாள் தொடர்பு அறுந்தபோது கலம் 312 நாள் உழைத்துச் சந்திரனை 3,400 தடவைக்கு மேல் வலம்வந்திருந்தது. இரண்டாண்டு உழைக்க வேண்டிய கலம் அது. சந்திரத் தரையில் நீரின் சுவடு உண்டென அதிலிருந்த கருவி கண்ட செய்தி, தொடர்பு அறுந்து ஒரு மாதம் ஆகுமுன் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

கிரகத் தரையில் ஊர்ந்து செல்லும் வண்டிகளின் நிலை இன்னும் இக்கட்டானது. பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி சென்று சேரவே கிரகங்களின் தூரத்துக்கேற்ப 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். எதிரே பள்ளம் இருக்கிறது என்று வண்டி அறிவித்து, நில் என்ற ஆணை திரும்பி வருமுன் அது பள்ளத்தில் கிடக்கும். காந்த ஊசியும் அங்கே பயன்படாது. செவ்வாய்க்கு உலகளாவிய காந்தப் புலம் இல்லை. 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி என்னும் இரு வண்டிகளும் தம் நிழற்படக் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பி, அதன் இருப்பிடத்தை நேரத்தோடு ஒப்பிட்டு வடக்கு எது எனத் தாமே அறிந்தன. ஒப்பர்சூனிட்டி இம்முறையில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஊர்ந்தது. 2018 ஜூனில் எழுந்த புழுதிப் புயல் சூரியனை மறைத்தது. அவ்வண்டியின் மின்சாரத்துக்கும் சூரியனே ஊற்று. ஜூன் 10ஆம் நாளுக்குப் பின் அதனிடமிருந்து செய்தி வரவில்லை.

சந்திரன் அண்மையில் உள்ளது. அங்கே கேட்டுச் செல்ல வழியுண்டு. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான் 3 தரையிறங்கிய பின்னர், 26 கிலோகிராம் எடையுள்ள பிரக்யான் வண்டி சிறு சிறு அடியாக, ஒவ்வொரு நகர்வையும் பெங்களூரில் வகுத்துக் கொடுக்க, அதன்படியே ஊர்ந்தது. ஆகஸ்ட் 27ஆம் நாள் மூன்று மீற்றர் முன்னே, நான்கு மீற்றர் அகலமுள்ள குழி எதிர்ப்பட்டது. வந்த வழியே திரும்புமாறு ஆணை சென்றது, வண்டி திரும்பிற்று. செவ்வாயில் 2021 பெப்ரவரியில் இறங்கிய பர்சிவரன்ஸ் வண்டியோ, ஊர்ந்துகொண்டே எதிரிலுள்ள தரையைப் படமெடுத்து, கல்லையும் குழியையும் விலக்கித் தன் பாதையைத் தானே வகுக்க வல்லது.

இக்காலத்து விண்மீன் உணரிகள் ஒரு மீனை நம்பி நிற்பவை அல்ல. வானத்தின் எப்பகுதியையேனும் படமெடுத்து, அதிலுள்ள மீன்களின் இடைவெளிகளைத் தம்முள் பதித்த அட்டவணையோடு ஒப்பிட்டு, நொடிக்குள் திசையைக் கூறிவிடும். தூசித் துகளை மீனென்று கருதிய மரீனரின் மயக்கம் அவற்றுக்கு அரிது. 2020 ஏப்ரலில், புளூட்டோவையும் கடந்து ஏறத்தாழ 700 கோடி கிலோமீற்றர் சென்றுவிட்ட நியூ ஹொரைசன்ஸ் கலம், புரொக்சிமா, வுல்ப் 359 என்னும் அண்மை மீன்கள் இரண்டைப் படமெடுத்தது. பூமியிலிருந்து அதே நாட்களில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது அவ்விரு மீன்களும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இடம் பெயர்ந்திருந்தன. சாளரத்து மரங்களின் இடத்தை இப்போது விண்மீன்களே பெற்றுவிட்டன. அப்பெயர்ச்சியைக் கொண்டு கலத்தின் இருப்பிடத்தைக் கணித்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. அகத்தியன் அவ்வளவு அண்மையில் உள்ள மீன் அன்று. அதன் ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 310 ஆண்டுகள் ஆகின்றன.